முன் சீட்டில் ஈரம்

நாலாவது தடவையாக அவள் செருப்பு நனைந்தது.

"மறுபடியும் ஒழுகுதுங்க!"

கணவர் காரை ஓரங்கட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். அவள் காலடியில் பச்சை நிறத் தண்ணீர் தேங்கியிருந்தது. ஹீட்டருக்கு வெந்நீர் கொண்டுவரும் ரப்பர் குழாயிலிருந்து, டேஷ்போர்டுக்கு அடியில், சொட்டுச் சொட்டாக. கண்ணாடி முழுக்க ஆவி. காருக்குள் திகட்டுகிற ஒரு இனிப்பு வாசனை.

"போன வாரம்தானே சரி பண்ணிக் கொடுத்தாரு?" என்றார்.

"மூணு தடவை பண்ணியாச்சு. ஒரு கிளிப்பை முடுக்கத் தெரியலை, இவர் பெரிய மெக்கானிக்! உங்க மச்சானை நீங்கதான் மெச்சிக்கணும்."

"எனக்கு மச்சான்னா உனக்கு அண்ணன்."

"எனக்கு அண்ணன் யாரும் கிடையாது."

ஆறு வருஷமாக இதே பதில்தான். அப்பா போன பிறகு அவருடைய கார் அவள் பங்குக்கு வந்தது. "இவ கையில கொடுத்தா ஒரே வருஷத்துல பழைய இரும்புக் கடைதான்" என்று எல்லோர் முன்னாலும் அண்ணன் வாயை விட்டார். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

கார் மட்டும் நிற்கவில்லை. வீம்புக்கென்றே அதைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தாள். ஆனால் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்ததும் மற்ற மெக்கானிக்குகள் கையை விரித்துவிட்டார்கள். "இந்த மாடலுக்கு ஒண்ணும் கிடைக்காது. ஹீட்டரையே கழட்டிடுங்க."

குளிர்காலக் காலைகளில் அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது கால் விரல்களுக்குச் சூடு கொடுத்த ஹீட்டர் அது. கழட்ட மனசு வருமா? "நீங்க மட்டும் போங்க. என் பேச்சை எடுக்காதீங்க" என்று சொல்லித்தான் கணவரை அண்ணனின் ஷெட்டுக்கு அனுப்பினாள்.

"இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் போய்க் கேக்குறது?" என்றார் கணவர். "விட்டுடலாம். ஹீட்டர் இல்லாமலே ஓட்டிக்கலாம்."

"நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். உங்களை ஆபீஸ்ல இறக்கிட்டு நானே போறேன். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

ஷெட்டில் அண்ணன் தனியாக இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி வேறு. இதெல்லாம் எப்போது நடந்தது? வந்த காரியமே அவளுக்கு ஒரு கணம் மறந்துபோனது.

"வாங்க" என்றார்.

அந்த மரியாதை சுருக்கென்று தைத்தது. உடனே ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு தடவை பார்த்தும் ஒழுகுது. அப்பா ஒரு தடவை முடுக்கினா பத்து வருஷத்துக்கு அசையாது. தொழில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடணும்."

அவர் பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறணும். இப்பவே கழட்டினா வெந்நீர் மூஞ்சியில அடிக்கும்."

அரை மணி நேரம் ஆளுக்கொரு ஸ்டூலில், ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர் முன் சீட்டுப் பக்கம் மல்லாந்து படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார்.

"டார்ச்சைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

பிடித்தாள். சின்ன வயசில் அப்பா இதே மாதிரிதான் படுத்திருப்பார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது அண்ணன், டார்ச் பிடிப்பது அவள். அன்று போலவே இன்றும் வெளிச்சம் எங்கேயோ மேயப் போனது.

"பாப்பா, லைட்டை எங்க அடிக்கிற? வேலை இங்க நடக்குது!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான்.

"அப்பா மாதிரியே கத்துற. நாப்பத்தெட்டு வயசாகுது, இன்னும் பாப்பாவா?"

"எனக்கு வேற பேர் வாயில வராதே."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு டார்ச்சைச் சரியாகக் காட்டினாள். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பின் மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"நெயில் பாலிஷா? இன்னுமா இதெல்லாம் போடுற?"

"நீ ஆரம்பிச்சு வெச்ச பழக்கம்தானே? போன வாரம் முடுக்கினதும் போட்டேன்."

பத்து வயதில், அப்பா முடுக்கிய திருகையும் கிளிப்பையும் சேர்த்து அவள்தான் ஒரு கோடு இழுத்துவிடுவாள். திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது கோடு உடைந்திருந்தது. பாதி கிளிப்பில், பாதி திருகில். திருகின் தலையில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய புதுக் கீறல் ஒன்று பளபளத்தது.

"இது தானா கழண்டது இல்லையே!"

"இல்ல."

"எங்க வீட்டுல அவரைத் தவிர யாரு இதுல கை வைக்கப்போறா?" சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. "என்னை இங்க வரவைக்கவா இந்த வேலை பார்த்தாரு? மூணு தடவையும் உன் பேரைக் கெடுத்து, நான் உன்னை வாய்க்கு வந்தபடி பேசி... வரட்டும் சாயங்காலம், வெச்சுக்கறேன் அவரை!"

அண்ணன் மெல்ல வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார். பழந்துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாத, பாப்பா. அவர் கழட்டினது இந்த ஒரு தடவைதான். நீ வரவே மாட்டேன்னு மனசு விட்டுப்போய், போன வாரம்தான் ஒழுங்கா முடுக்கினேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் வேணும்னே லூசா விட்டது நான்தான்."