மாவில் கலந்தது

பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தாலே பங்குச் சாமியாருக்குக் கொட்டாவி வந்துவிடும். வருகிறவர்கள் எல்லாரும் அதே பழைய பாவங்களைத்தான் கொண்டுவருகிறார்கள். புதிதாக ஒன்று செய்ய ஊரில் ஒருவருக்கும் துப்பில்லை என்று அவருக்கு உள்ளூர ஒரு குறை.

அந்தச் சனிக்கிழமை அந்தக் குறை தீர்ந்தது.

மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ முழங்காலிட்டார்கள். முகம் தெரியாவிட்டால் என்ன? ஈஸ்ட் வாசனை வந்தது. பின்னாலேயே ஒரு மாவுத் தும்மலும் வந்தது. ரொட்டிக்கடை அண்ணன்தான்.

கோயில் தெருவில் ரொட்டிக்கடைகள் இரண்டு, நேருக்கு நேர். ஒன்று அண்ணனுடையது: அப்பா விட்டுப்போன அடுப்பு, அப்பா விட்டுப்போன கரி. எதிரே தம்பி புதிதாகத் திறந்தது: கண்ணாடிக் கதவு, மஞ்சள் விளக்கு, ஒவ்வொரு பன்னின் தலையிலும் எள்ளு. ஊரே எள்ளுப் பக்கம் சாய்ந்துவிட்டது. குறை சொல்லாதீர்கள் கண்ணுகளா, சூடாக இருந்தால் நானும் போயிருப்பேன். அண்ணன் கடையில் ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் அடுப்பை அணைத்துவிடுவார் என்று பேச்சு.

“என்னை ஆசீர்வதியுங்க சாமி. பொறாமை.”

“யார் மேல?”

“தம்பி மேலதான். அவன் கடை வாசல்ல கூட்டத்தைப் பார்த்தா வயிறு எரியுது. என் அடுப்புகூட அப்படி எரியாது.”

சாமியார் சிரிப்பை விழுங்கினார். “பொறாமை தலையான பாவம்ப்பா. கடவுள் அவனுக்குக் குடுத்ததுக்கு நீ யாரு கணக்குக் கேக்க? தம்பி நல்லா இருக்கட்டும்னு தினமும் ஒரு செபம் சொல்லு.”

“சொல்லிப் பார்த்தேன் சாமி. பாதியில பல்லைக் கடிச்சுக்கறேன்.” குரல் தாழ்ந்தது. “அவன் பின்கதவைப் பூட்டறதே இல்ல. மாவுல எதையாவது கலந்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

கொட்டாவிக்குத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

“அடப்பாவி!”

“அதைச் சொல்லத்தான் சாமி வந்தேன்.”

“தம்பி ஆபேலைக் கொன்ன காயினை, கடவுள் என்ன செஞ்சார், தெரியுமில்ல?”

“தெரியும். ஆனா ஆபேல் எதிர்லயே கடை போடலையே சாமி.”

“அந்த நினைப்பை விட்டுட்டு வா, அப்பதான் மன்னிப்பு” என்று சாமியார் சொல்லிவிட்டார். ஒரு தும்மல் கேட்டது. அப்புறம் செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கழுத்தை வெட்டினாலும் வெளியே சொல்லக் கூடாது. போலீஸிடம் சொல்லக் கூடாது. தம்பியிடம்கூட மூச்சு விடக் கூடாது. ஞாயிறு பூசையில் காயினையும் ஆபேலையும் வைத்து நீளமாக ஒரு பிரசங்கம் செய்தார். தம்பி தூங்கினார். அண்ணன்தான் எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னார். அது சாமியாரை இன்னும் கலக்கியது.

திங்கட்கிழமை காலை, சமையல்காரம்மா வழக்கம்போல எள்ளு பன்னைக் கொண்டுவந்து வைத்தாள். சாமியார் தட்டைத் தள்ளினார்.

“ஏன் சாமி, கெட்டுப்போச்சா?”

“நான் ஒண்ணும் சொல்லலை.”

“அப்ப சாப்பிடுங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலைன்னு சொல்றேன்ல!”

ரகசியத்துக்கும் வாயைத் திறக்கவில்லை, பன்னுக்கும் திறக்கவில்லை. சரி, வீணாக்குவானேன் என்று சமையல்காரம்மா அதைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். சாமியார் பாய்ந்து பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தார்.

அந்த அம்மாவின் கண் விரிந்தது. அவளுக்கு ஒன்று தெரிந்தால் கோயில் மணி அடித்த மாதிரி. மதியத்துக்குள், சாமி எள்ளு பன்னைத் தூக்கி எறிந்தாராம் என்று தெருவெல்லாம் பேச்சு. மாலையில் பன்னுக்குள் பல்லி வந்துவிட்டது. மறுநாள் பல்லி இரண்டானது. அதற்கடுத்த நாள் குடும்பமானது.

புதன்கிழமை, பாட்டுக்குழுத் தலைவிக்கு வாந்தி. தின்றது நாலு எள்ளு பன். தின்றபோது ஒன்றும் ஆகவில்லை, பல்லிக் கதையைக் கேட்ட பிறகுதான் குமட்டியது. ஆனால் வாந்தி மட்டும்தான் சாமியார் காதுக்குப் போனது. செய்துவிட்டான் பாவி என்று எழுந்தார். ஓடிப்போய்த் தலைவியின் தலையில் கைவைத்துச் செபித்தார். பார்த்தவர்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

தம்பியின் மஞ்சள் விளக்கு வெறும் கண்ணாடிக்கு வெளிச்சம் காட்டியது. தெருவைக் கடந்து வந்தவர்கள் அண்ணன் வாசலில் வரிசை கட்டினார்கள். ஈயும் திரும்பி வந்தது. சாமியார் எதையும் கவனிக்கவில்லை. அடுத்த வாந்தி எந்த வீட்டில் என்பதே அவர் கவலை.

சனிக்கிழமை. மரத்தடுப்பு. ஈஸ்ட் வாசனை.

“என்னை ஆசீர்வதியுங்க சாமி. பொறாமை சுத்தமாப் போயிடுச்சு. தம்பியைப் பார்த்தா இப்ப பாவமாத்தான் இருக்கு.”

“ஆசீர்வாதம் அப்புறம்! முதல்ல பதில் சொல்லு. மாவுல என்னத்தைக் கலந்த?”

தடுப்புக்குக் கீழே ஒரு காகிதப் பை நகர்ந்து வந்தது. உள்ளே அண்ணன் அடுப்பில் சுட்ட சூடான பன். தலையில் எள்ளு.

“மாவுலயா? சேச்சே, சாப்பிடற பொருள்ல போய்க் கலப்பேனா? உங்க காதுலதான் சாமி கலந்தேன்.”