கை நீட்டி நின்ற பொம்மை

சோளம் விளைந்த தன் நிலத்தைத் தெய்வானை பறவைகளுக்கென்று விட்டுவிட்டாள். குட்டை வெட்டினாள், இலந்தையும் அத்தியும் நட்டாள். மரங்கள் ஆளுயரம் வளர்ந்தும் ஒரு குருவிகூட இறங்கவில்லை. தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

நிலத்தின் நடுவில் பழையபடி கை நீட்டி நின்ற வைக்கோல் பொம்மை, காலடியில் ஊர்ந்த கரையானைக் கூப்பிட்டது.

"என் காலை அரித்துவிடு."

"விழுந்துவிடுவாயே. அவள் உன்னை ஆசையாகத்தானே வைத்திருக்கிறாள்?"

"நான் போட்டிருப்பது செத்துப்போன அவள் புருஷன் சட்டை. அதனால்தான் என்னைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் நான் நிற்கிறவரை குருவிகள் வராது. அவற்றை விரட்டி விரட்டியே பெயர் வாங்கியவன் நான்."

"கையை மடக்கிக்கொள்ளேன்."

"மடக்க முடிந்தால் உன்னை ஏன் கூப்பிடுகிறேன்?"

கரையான் வேலையைத் தொடங்கியது. ஆடிக்காற்றில் பொம்மை மல்லாக்க விழுந்தது.

மறுநாள் அதைத் தூக்கி நிறுத்த ஓடிவந்தாள் தெய்வானை. கிழிந்த சட்டையின் மேல் ஒரு தவிட்டுக்குருவி உட்கார்ந்து, கூடு கட்ட வைக்கோலை உருவிக்கொண்டிருந்தது.

நீட்டிய கையை அவள் மெல்ல மடக்கிக்கொண்டாள்.