அக்காவின் மாத்திரை

"நீ முழுங்கினாத்தான் நானும் முழுங்குவேன்" என்று மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தம்பி குமரவேல் சொல்லிவிட்டான். அதனால் தினமும் அவனோடு நானும் ஒரு சத்து மாத்திரை விழுங்குகிறேன். போன முறை மருந்தை நிறுத்தியபோது அவனைத் தண்டவாளத்திலிருந்து இழுத்து வந்தோம். இன்று நான் சட்னி அரைத்துவிட்டு வருவதற்குள் இரண்டையும் அவனே பிரித்து வைத்திருந்தான். இரண்டும் வெள்ளை. "இது உனக்குக்கா" என்று ஒன்றை நீட்டினான். மாற்றி வைத்துவிட்டாயா என்று கேட்டால், இனி என் கையால் எதையும் வாங்கமாட்டான். வாயில் போட்டுக்கொண்டேன். என் மாத்திரை கசக்காது; இது கசந்தது. அவன் தன்னுடையதை விழுங்கிவிட்டு, தண்ணீர் டம்ளரை என் உதட்டருகே கொண்டுவந்தான். "முழுங்குக்கா. ஒண்ணும் ஆகாது. எனக்கும் மொதல்ல இப்படித்தான் பயமா இருந்துச்சு."