பக்கத்து வீட்டு அமைதி

“நீங்க போய்ச் சொல்றீங்களாம்மா, இல்ல நானே போகட்டுமா?”

மோகனா வெளியே எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் செல்லையா அன்று விடிகாலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவர் வீட்டு வாசலில் கூடாரம் போட்டாயிற்று. மேளக்காரர்களும் வந்து, இரண்டு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே மகள் டாக்டர் ஷர்மினிக்கு இன்னும் சற்று நேரத்தில் சர்ஜன் படிப்புக்கு ஓன்லைனில் இண்டர்வியூ.

“சாவு வீட்ல போய் மேளம் அடிக்காதீங்கன்னு எப்படி சொல்றது? எனக்கு வெட்கமா இருக்கு.”

“அடிக்கவே வேணாம்னா சொன்னேன்? இண்டர்வியூ முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்க லா. போன வருஷமே என்னை எடுக்கல. இந்தத் தடவையும் போச்சுன்னா, சர்ஜன் ஆகுறத மறந்துட வேண்டியதுதான்.”

“வேற எங்கயாச்சும் போய்ப் பேசேன்.”

“இனிமே கோலசிலாங்கூர் டவுனுக்குப் போய்ச் சேர நேரமிருக்கா?”

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். தான் லயத்தில் இருப்பது தெரியக்கூடாது என்று ஷர்மினி லேப்டாப்பில் தனக்குப் பின்னால் ஒரு புத்தக அலமாரிப் படத்தை வைத்திருந்தாள். லயத்தை மறைக்கப் படம் இருக்கிறது. மேளத்தை மறைக்க என்ன இருக்கிறது?

மோகனா தலையைக் குனிந்தபடி போனாள். போனவள் திரும்பி வரவில்லை. ஆனால் மேளம் அடங்கிவிட்டது.

இண்டர்வியூ தொடங்கியது. திரையில் மூன்று பெரிய டாக்டர்கள். ஷர்மினி நன்றாகவே பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நடுவில் வெளியே வேன் வந்து நிற்கும் சத்தம். செல்லையாவைக் கொண்டு வந்துவிட்டார்கள். ஷர்மினி ஒரு கணம் சுவரைப் பார்த்தாள். மேளத்தைச் சொன்னோம், ஒப்பாரியை மறந்துவிட்டோமே. செல்லையாவின் மனைவி காளியம்மா குரலெடுத்தால் லயமே அதிரும்.

ஒரு சத்தமும் இல்லை.

நிம்மதியாக இருந்தது. கூடவே கொஞ்சம் இளக்காரமும் வந்தது. காலமெல்லாம் லோரி ஓட்டிச் சோறு போட்ட மனிதர். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை பார், இவ்வளவுதான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

“உங்கள் பக்கம் நல்ல அமைதி,” என்றார் நடுவில் இருந்த டாக்டர். காலையிலிருந்து மற்றவர்கள் வீட்டு நாயையும் கோழியையும் கேட்டு அலுத்துப் போயிருப்பார் போலிருக்கிறது.

“எங்கள் ஏரியாவே அப்படித்தான் டாக்டர்,” என்றாள் ஷர்மினி, கொஞ்சமும் கூசாமல்.

“சரி, கடைசிக் கேள்வி. ஆபரேஷன் மேசையிலேயே நோயாளி இறந்துவிட்டார். வெளியே அவர் குடும்பம் நிற்கிறது. என்ன செய்வீர்கள்?”

“நானே போய்ச் சொல்வேன். சொல்லிவிட்டு ஓடிவிட மாட்டேன். அவர்கள் வாய்விட்டு அழ இடம் கொடுத்து, கூடவே இருப்பேன். நம்முடைய வேலைக்காக யாருடைய அழுகையையும் அடக்கச் சொல்லக் கூடாது.”

மூன்று பேரும் தலையாட்டினார்கள். நடுவில் இருந்தவர் சிரித்தேவிட்டார். இந்த முறை இடம் கிடைத்த மாதிரிதான்.

லேப்டாப்பை மூடிய கையோடு, இனி மேளம் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டு வர, சந்தோஷமாக வெளியே வந்தாள்.

கூடாரத்தின் கீழே செல்லையாவின் பெட்டி. சுற்றிலும் லயத்துப் பெண்கள், அத்தனை பேரும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு. காளியம்மாவின் தோளை இரண்டு மகன்களும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மூவருக்கும் உடம்பு குலுங்கியது. முகமெல்லாம் கண்ணீர்.

மோகனா எழுந்து வந்து மகளின் காதோரம் சொன்னாள்.

“நான் மேளத்த மட்டும்தான் சொன்னேன். நம்ம லயத்துப் புள்ள பெரிய டாக்டராகப் போகுது, யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு காளியம்மாக்காதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க.”

ஷர்மினிக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. திரும்பி வீட்டுக்குள் ஓடிவிடலாம் போலிருந்தது.

அதற்குள் காளியம்மா அவளைப் பார்த்துவிட்டாள். வாயிலிருந்த முந்தானையைக் கொஞ்சமாக விலக்கி, ரகசியம் போலக் கேட்டாள்.

“முடிஞ்சிருச்சா கண்ணு? நாங்க இப்ப அழுதுக்கலாமா?”