இசக்கியம்மாவுக்கு முதல் சவாரி

"இந்த அக்கா வேண்டாமுங்க" என்றான் ரஃபி.

ஏரிக்கரையில் கூடியிருந்த அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊட்டி மலையில், பிக்கட்டிக்குப் பக்கத்தில் வெற்றிச்செல்வனுக்குத் தேயிலை எஸ்டேட். எஸ்டேட்டுக்குள்ளேயே ஏரி, கரையில் புதிதாக ஒரு ரிசார்ட். அதற்குக் கூட்டம் சேர்க்கத்தான் இந்தத் தண்ணீர் ஜெட்பேக். ஏரியில் நிற்கிற வாட்டர் ஸ்கூட்டர் தண்ணீரை உறிஞ்சி, நீளமான ஹோஸ் வழியாக முதுகில் மாட்டிய கருவிக்குத் தள்ளும். தோளுக்கு இரண்டு பக்கமும் உள்ள குழல்கள் அதைக் கீழ்நோக்கிப் பீய்ச்ச, மாட்டியிருப்பவர் மேலே போவார்.

கோவாவில் வாங்கி வந்த சாமான் இந்த மலையில் எழும்பவே மறுத்தது. உயரமான இடம், காற்று லேசு, இன்ஜினுக்குத் தெம்பு பத்தவில்லை. எஸ்டேட் ஃபேக்டரி மெக்கானிக் ரஃபிதான் கருவியின் எடையைக் குறைத்து, குழல்களின் வாயைக் கடைந்து அகலமாக்கி, நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினான்.

இன்று திறப்பு விழா, பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். முதலாளியின் மகன் அஸ்வந்த் கோயம்புத்தூரிலிருந்து வந்து, ஹெல்மெட்டோடு தயாராக நின்றான். அப்போதுதான் வெற்றிச்செல்வன் மைக்கைப் பிடித்தார்.

"அஸ்வந்த், நீ கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு. இந்த எஸ்டேட்டு நிக்கிறதே கொழுந்து பறிக்கிற கையாலதானுங்க. மொதல்ல பறக்கப் போறது நம்ம இசக்கியம்மா."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து பறிக்கும் இசக்கியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெற்ற மகனைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தொழிலாளியைக் கூப்பிடுகிற முதலாளி எத்தனை எஸ்டேட்டில் கிடைப்பார்?

அந்த நல்ல நேரத்தில்தான் ரஃபி இப்படிக் குறுக்கே விழுந்தான்.

"ஏண்டா, இசக்கியம்மா ஏறுனா உன்ற மிஷின் தேஞ்சிருமா?" வெற்றிச்செல்வன் மைக்கிலேயே கேட்டார்.

"அதில்லீங்க. இன்னும் ரெண்டு நாள் போகட்டுமுங்க."

"ரெண்டு நாள்ல அவங்க என்ன, எஸ்டேட் ஓனர் ஆயிருவாங்களா?"

கூட்டம் சிரித்தது. ரஃபி பத்திரிகைக்காரர்களைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். சம்பளமும் எஸ்டேட்டுடையது, குடியிருக்கிற வீடும் எஸ்டேட்டுடையது.

"ஏன் தம்பி, எங்க ஆளுக ஏறக் கூடாதா?" இசக்கியம்மாவின் குரல் கம்மியது.

"அப்படியெல்லாம் இல்லீங்க அக்கா."

"பின்ன எப்படி?"

அவன் ஹோஸைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டான். "பெரிய எடத்துப் புள்ளைங்க மட்டுந்தான் பறக்கணும்னு நெனப்பு" என்று கூட்டத்தில் ஒருவர் உச்சுக்கொட்டினார்.

ரிசார்ட்டுப் பெண்கள் இசக்கியம்மாவுக்கு நீச்சல் உடையும் மிதவை ஜாக்கெட்டும் மாட்டிக் கூட்டி வந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே அவளுக்கு வெட்கம். ரஃபி கருவியை மாட்டிவிட்டான். ஒவ்வொரு பெல்ட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். "சாயற மாதிரி இருந்தா கைப்பிடியை உடனே விட்டுருங்க அக்கா" என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாட்டர் ஸ்கூட்டரை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவனே ஏறி உட்கார்ந்தான்.

தண்ணீர் சீறியது. இசக்கியம்மா நாலடி எழும்பி அப்படியே நின்றாள். அதற்கு மேல் ரஃபி ஏற்றவே இல்லை. இதிலும் கஞ்சத்தனம்.

"கோழி இதவிட ஒசரமாப் பறக்கும்டா" என்றார் வெற்றிச்செல்வன் மைக்கில். "ஏத்து."

கூட்டமும் "ஏத்து, ஏத்து" என்றது. இசக்கியம்மாவே மேலே போகலாம் என்று தலையை ஆட்டினாள். தான் பறித்த தேயிலைக் காட்டை முதல் தடவையாக மேலிருந்து பார்க்கிற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது.

ரஃபி ஏற்றினான்.

பத்தடி போனதும் இடது பக்கம் தண்ணீர் இளைத்தது. இசக்கியம்மா சாய்ந்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், பக்கவாட்டில் விழுந்தாள்.

பனித்தண்ணீரில் முதலில் குதித்தவன் ரஃபிதான். அவளைக் கரையேற்றியபோது வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கைப்பிடியில் சிக்கித் திருகிக்கொண்டதாம். கொழுந்து பறிக்கிற கை.

வெற்றிச்செல்வன் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். கேமராக்கள் மின்னின.

"மொதலாளிக்கு இருக்கிற மனசு உனக்கு இல்லாமப் போச்சே தம்பி." பல் கிட்டிக்க இசக்கியம்மா ரஃபியிடம் சொன்னாள். "நான் ஏறுனது பொறுக்காம வேணும்னே கவுத்துட்டே."

ரஃபியும்தான் நனைந்து நடுங்கினான். ஒருவரும் ஒரு துண்டு கொடுக்கவில்லை.

இசக்கியம்மாவை ஏற்றிக்கொண்டு ஜீப் ஊட்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. பத்திரிகைக்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள். வெற்றிச்செல்வன் மைக்கை அணைத்துவிட்டு வந்து ரஃபியின் தோளில் கையைப் போட்டார்.

"மணல் மூட்டை கட்டிப் பறக்கவிட்டுப் பாக்காம அஸ்வந்தை ஏத்தக் கூடாதுன்னு நேத்து நீ சொன்னது சரியாப் போச்சு. எடது பக்கந்தான் கோளாறுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சில்ல, சரி பண்ணி வெய்யி. ஞாயித்துக்கிழமை அவன் ஏறட்டும்."