சளி தேடியவள்

மகனின் மரபணுச் சோதனையில் ரத்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பு தெரிந்ததிலிருந்து சுடர்க்கொடிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முதல் பிறந்தநாளுக்குள் சாதாரணச் சளிக்காய்ச்சல் நாலைந்து வந்துபோனால் உடம்பு பழகிக்கொள்ளும், ஆபத்து குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்தநாளோ நெருங்கிக்கொண்டிருந்தது; பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அடுக்ககத்தில் யார் இருமினாலும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மாடி வீட்டு ரோகிணியின் மகள் மூக்கொழுக நின்றாள். குழந்தையைக் கண்டதும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"எனக்குச் சளி ஆன்ட்டி. பாப்பாவைத் தொடக்கூடாதாம்."

"நீ தொடலாம்டி தங்கம். நல்லா ஒரு முத்தம் குடு."

மகளுக்குப் பின்னால் நின்ற ரோகிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது.

"வந்திருச்சுங்க, காய்ச்சல் வந்திருச்சு!" என்று கணவனை உலுக்கி எழுப்பினாள்.

"சளிக்காய்ச்சல்தானே?" என்றான் அவன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அந்தப் புற்றுநோயும் காய்ச்சலோடும் தோலில் சிவப்புப் புள்ளிகளோடும் தொடங்கலாம் என்று அதே டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய், சட்டையைக் கழற்றி, முதுகில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று தேடினாள். மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"தும்முடா கண்ணா, ஒரே ஒரு தரம் தும்மு. அம்மா நூறு வயசுன்னு சொல்லக் காத்திருக்கேன்."