தேனீக்கள் தங்காத நகரம்

தேனீக்கள் கூண்டோடு மலைக்கு அப்பால் இருந்த சிற்றூருக்குப் போய்விட்டன. நகரத்து மாந்தோப்புகள் காய்க்கவில்லை. பழம் வாங்க வந்த வண்டிகளும் அந்தச் சிற்றூர்ப் பக்கம் திரும்பின.

“நம்மிடம் இல்லாத பூவா? போய்க் கூட்டி வா” என்று காகத்தை அனுப்பியது ஆலைப் புகைபோக்கி.

புகையைத் தாண்டி மலையுச்சிக்கு மேலே எழும்பிய காகம் சிறகடிக்கவே மறந்துவிட்டது. வானம் அத்தனை நீலமாக இருக்கும் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. வெகு தொலைவில் கடல் மின்னியது.

“உங்கள் ஊரில் பூக்கள் அதிகம்தான்” என்றது ராணித் தேனீ. “ஆனால் அந்தப் புகையில் ஒன்றின் வாசனைகூட எங்களுக்கு எட்டவில்லை.”

காகம் தனியாகத் திரும்பி வந்தது.

“தேனீக்கள் எங்கே?” என்றது புகைபோக்கி.

“வரமாட்டார்களாம். நானும் என் குஞ்சுகளை அழைத்துப்போகத்தான் வந்தேன். பாவம், பிள்ளைகள் இன்னும் வானத்தையே பார்த்ததில்லை.”